படம் எப்படி?

மாலைக் காட்சி முடிந்து தியேட்டரின் கதவுகள் திறக்கின்றன. இரவுக் காட்சிக்காக வெளியே நிற்பவர்களில் ஒருவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு வருபவரை மறித்துக் கேட்கிறார்: “படம் எப்படி?” கேட்கப்பட்டவர் திரைப்படக் கல்லூரியின் வாசலை மிதித்தவரல்ல. தோளில் ஒரு குழந்தை தூங்குகிறது. ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினோம் என்ற யோசனை வேறு. அந்த அவசரத்திலும் பதில் வந்துவிடுகிறது. “ஒரு தடவை பார்க்கலாம்.” அல்லது, “இடைவேளையோடு எழுந்து வந்துவிடலாம்.” வட இந்தியாவில் என்றால் ‘பைசா வசூல்’, இல்லாவிட்டால் ‘பக்வாஸ்’. கொடுத்த காசு தேறியது, அல்லது வெறும் பிதற்றல். மூன்று மணி நேரப் படத்துக்கு ஒரு வரித் தீர்ப்பு.

தீர்ப்புச் சொன்னவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அதை மறந்திருப்பார். ஆனால் அது அவரை விட்டுப் போய், பக்கத்து வீட்டுக்கும் அலுவலக கேன்டீனுக்கும் ரயில் பெட்டிக்கும் பரவும். கோடிக்கணக்கில் பணம் புரளும் ஒரு தொழிலின் தலையெழுத்து பல நேரங்களில் இந்த வாய்வார்த்தையில்தான் எழுதப்படுகிறது. இத்தனை காலம் இதை யாரும் குற்றமாகக் கருதவில்லை. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. படம் பார்த்தவர் எத்தனை மணி நேரம் கழித்து வாயைத் திறக்கலாம் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போய்விட்டது.

ரசிகரின் வாயை அடைக்கும் ஆசை புதியதல்ல. அது பலித்ததும் இல்லை. 1952இல் மத்தியத் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றாலே ஒவ்வாமை. மக்களின் ரசனையைச் சாஸ்திரீய சங்கீதத்தால் உயர்த்திவிட முடியும் என்று அவர் நம்பினார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்கள் அருகிப்போயின. ரசிகர்கள் ஊர்வலம் போகவில்லை, மனுக் கொடுக்கவில்லை. ரேடியோவின் முள்ளைச் சற்றுத் திருப்பினார்கள். அந்தப் பக்கம் ரேடியோ சிலோன் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அங்கே தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’, வாரந்தோறும் இந்திப் பாடல்களை வரிசைப்படுத்தியது. அமீன் சயானியின் குரலுக்காக நாடு புதன்கிழமை இரவுகளில் காத்திருந்தது. இசைத்தட்டு விற்பனையோடு நேயர் மன்றங்களின் விருப்பமும் அந்த வரிசையைத் தீர்மானித்தது. 1957 அக்டோபரில் அரசு ‘விவித் பாரதி’யைத் தொடங்கியது. அமைச்சரின் ரசனை, ரசிகரின் ரசனையிடம் கௌரவமாகத் தோற்றது.

அந்தக் காலத்து ரசிகருக்கு ஒரு தலைநகரம் கூட உண்டு. அன்றைய பிகாரில், இன்றைய ஜார்க்கண்டின் கோடர்மா மாவட்டத்தில் உள்ள ஜும்ரி தலையா. மைக்கா சுரங்கங்களால் பிழைத்த சிறு நகரம். அங்கிருந்து பாடல் கேட்டு வானொலிக்குப் போன அஞ்சலட்டைகளுக்குக் கணக்கில்லை. அறிவிப்பாளர் ஊர்ப் பெயரை வாசித்து வாசித்து, அப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறதா என்று மற்றவர்கள் சந்தேகப்படும் அளவுக்குப் போயிற்று. இருந்தது. சுரங்கத்தில் வேலை, கடையில் வியாபாரம் என்று காலத்தை ஓட்டிய மனிதர்கள், தங்களுக்குப் பிடித்தது எது என்பதை நாடு கேட்கட்டும் என்று காசு செலவழித்து அஞ்சலட்டை வாங்கி எழுதினார்கள். பாட்டு அவர்களுக்காக ஒலித்ததைவிட, பெயர் ஒலித்தது பெரிய விஷயம்.

சினிமாக்காரர்கள் இந்த அபிப்பிராயத்துக்கு எப்படி நடுங்கினார்கள் என்பதற்கு 1975 ஒரு பாடம். அந்த ஆகஸ்ட் 15 அன்று ‘ஷோலே’ வெளியானது. விமர்சகர்கள் தயவு காட்டவில்லை. விநியோக வட்டாரம் படம் படுத்துவிட்டது என்று முடிவு கட்டியது. கப்பர் சிங்காக நடித்த அம்ஜத் கானின் குரல் எடுபடவில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். இயக்குநர் ரமேஷ் சிப்பியும் கதாசிரியர்கள் சலீம் - ஜாவேதும் அமிதாப் பச்சனின் வீட்டில் கூடி, அவருடைய பாத்திரம் சாகாமல் பிழைத்துக்கொள்வதாக முடிவை மாற்றிப் படமெடுத்துவிடலாமா என்று கூட யோசித்தார்கள். பிறகு சில நாட்கள் பொறுத்துப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

நல்லவேளை. தியேட்டரில் கைதட்டல் இல்லை, விசில் இல்லை என்பதைத் தோல்வியின் அறிகுறியாக அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பம்பாய் தியேட்டர் உரிமையாளர் ஒருவர்தான் வேறு மாதிரிக் கணக்குப் போட்டார் என்று சொல்வார்கள். தன் தியேட்டரில் குளிர்பானமும் ஐஸ்கிரீமும் விற்கவில்லை, காரணம் இடைவேளையில் எழுந்து வெளியே வரக்கூடத் தோன்றாமல் ஜனங்கள் பிரமித்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாராம். விற்காத ஐஸ்கிரீமில் ரசிகரின் அபிப்பிராயத்தைப் படித்த அந்த மனிதரை, இந்தியாவின் தலைசிறந்த விமர்சகர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. பம்பாய் மினர்வா தியேட்டரில் ‘ஷோலே’ 5 ஆண்டுகள் ஓடியது. எடுபடாது என்று கருதப்பட்ட அந்தக் குரலின் வசனங்கள் இசைத்தட்டாக வந்து கல்யாண வீடுகளில் முழங்கின.

ரசிகர்களுக்குப் பயந்து மாற்றப்படாத ‘ஷோலே’யின் முடிவு, தணிக்கைக்குப் பயந்து மாற்றப்பட்டது என்பது இன்னொரு வேடிக்கை. தாக்கூரே கப்பரைக் கொல்வதாகத்தான் முதலில் எடுத்திருந்தார்கள். அது நெருக்கடி நிலைக் காலம். போலீஸ் வந்து தடுப்பதாக மாற்றும்படி ஆயிற்று. பழைய முடிவைச் சேர்த்துப் புதுப்பித்த பிரதி, 50 ஆண்டுகள் கழித்து 2025இல்தான் இத்தாலியின் போலோக்னா விழாவில் திரையிடப்பட்டது.

அதே 1975இல் வந்த ‘ஜெய் சந்தோஷி மா’வுக்குப் பெரிய நட்சத்திரம் இல்லை, பெரிய பட்ஜெட் இல்லை, விளம்பரமும் பெரிதாக இல்லை. அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெண்கள். குழாயடியிலும் கோயில் வாசலிலும் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத் தியேட்டருக்குள் நுழைந்தார்கள். திரையில் அம்மன் தோன்றியபோது காசையும் பூவையும் வீசினார்கள். ‘தீவார்’, ‘ஷோலே’ ஆகியவற்றோடு அந்த ஆண்டின் பெரிய வெற்றிகளில் ஒன்றாக அது உட்கார்ந்தது. சினிமா வியாபாரிகளின் கணக்குப் புத்தகத்தில் அதுவரை இந்தப் பெண்களுக்குத் தனிப் பத்தியே இருக்கவில்லை.

டி.வி. வந்த பிறகு ரசிகர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார். 1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் தொடங்கிய ‘ஹம் லோக்’, மெக்ஸிகோவில் வெற்றி பெற்ற ஒரு முறையைப் பின்பற்றி, கதையோடு குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் பிரச்சாரம் செய்யலாம் என்ற எண்ணத்தில் பிறந்தது. ஆரம்பப் பகுதிகளில் உபதேசம் தூக்கலாக இருந்தது. ஜனங்கள் முகத்தைச் சுளித்தார்கள். எழுத்தாளர் மனோகர் ஷ்யாம் ஜோஷி உபதேசத்தைக் குறைத்துக் குடும்பச் சண்டைகளைக் கூட்டினார். நாடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தோன்றி நாலு வார்த்தை பேசிய அசோக் குமாருக்கும், நடிகர்களுக்கும், தூர்தர்ஷனுக்குமாக 4 லட்சத்துக்கும் அதிகமான கடிதங்கள் வந்தன. மூத்த மகள் பட்கி அந்த டாக்டரைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று முன்பின் பார்த்திராத பெண்கள் ஆலோசனை எழுதினார்கள். திரையில் அவள் கல்யாணம் நடந்த நாளில் வட இந்தியக் கடைவீதிகள் சில சீக்கிரமே மூடப்பட்டன. வாழ்த்துத் தந்திகள் வந்தன.

அந்தத் தொடரை ஆராய்ந்த அரவிந்த் சிங்கால், எவரெட் ராஜர்ஸ் இருவரும் பதிவு செய்த ஒரு விஷயம், இந்த அபிப்பிராயங்களின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. தொடரில் பகவந்தி என்ற தாய். குடிகாரக் கணவனையும் கடுகடுக்கும் மாமியாரையும் வாய் திறக்காமல் சகிப்பவள். இப்படி இருக்காதீர்கள் என்று பெண்களுக்குச் சொல்வதற்காகவே அந்தப் பாத்திரம் படைக்கப்பட்டது. ஆனால் பார்த்தவர்களில் ஏராளமானோர் அவளையே லட்சியப் பெண்ணாக எடுத்துக்கொண்டார்கள். அதிகாரிகளுக்கு இது அதிர்ச்சி. பாடம் தலைகீழாகப் போய்விட்டதே என்று அங்கலாய்த்தார்கள்.

பாடம் எங்கும் போகவில்லை. சமையலறை வாசலில் நின்றபடி டி.வி. பார்த்த பெண், “பகவந்தி பாவம், எவ்வளவு பொறுமை” என்று சொன்னபோது அவள் தொடரைப் பற்றி மட்டும் பேசவில்லை. கூடத்தில் கணவர் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் மாமியார். தன் பொறுமையை யாராவது பார்த்தார்களா என்று நேரடியாகக் கேட்க அவளுக்கு இடமில்லை. இன்னொருத்தியின் பொறுமையைப் புகழ இடமிருக்கிறது. ‘சும்மா சொன்னேன்’ என்ற பாதுகாப்போடு சொல்லப்படும் இந்த வார்த்தைகளில் வீட்டுக்குள் வேறு எந்த விதத்திலும் பேச முடியாத விஷயங்கள் பேசப்படுகின்றன. “அந்தப் பெண் வேலையை விட்டிருக்கக் கூடாது” என்று மகள் சொல்வாள். “அப்பன் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம்” என்று மகன் சொல்வான். “பெரியவர்களுக்கு இந்தக் காலத்தில் என்ன மரியாதை” என்று பாட்டி சொல்வாள். மூவரும் சீரியலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை.

சில சமயம் வாய்வார்த்தை வீட்டை விட்டு வீதிக்கும் வந்திருக்கிறது. ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ 1988 ஜூலை 31 அன்று பட்டாபிஷேகத்தோடு நிறைவு பெற்றது. வட இந்திய நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி அல்ல பிரச்னை. உத்தரகாண்டத்தையும் காட்ட வேண்டும் என்பதே கோரிக்கை. அவர்களில் பெரும்பாலோர் வால்மீகி சமூகத்தினர். சீதைக்கு அடைக்கலம் தந்து, லவகுசர்களை வளர்த்தவர் அவர்களுடைய முனிவர். அவர் வரும் பகுதியை விட்டுவிட்டுக் கதையை முடிப்பதாவது? தெருவில் குப்பை மலையாகக் குவிந்தது. தொடரும் நீண்டது. நாள் முழுதும் ஊரின் அழுக்கைச் சுமப்பவர்கள், நாட்டின் மிகப் பெரிய கதையில் தங்கள் இடம் எங்கே என்று கேட்டார்கள். ‘ஒரு சீரியலுக்காகவா ஸ்டிரைக்?’ என்று அன்று சிரித்தவர்களுக்கு அது புரியவில்லை.

2001இல் ஸ்டார் பிளஸின் ‘கியூங்கி சாஸ் பீ கபீ பஹு தீ’யில் நாயகன் மிஹிர் விரானி விபத்தில் செத்துப்போனான். கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன. துளசியின் நெற்றிப் பொட்டை அழிக்க நேயர்கள் சம்மதிக்கவில்லை. எமனிடம் வாதாடிப் புருஷனை மீட்ட சாவித்திரியின் கதை தெரிந்த ஜனங்கள், ஏக்தா கபூரிடம் வாதாட மாட்டார்களா? மிஹிர் பிழைத்து வந்தான். தொடர் 2008 வரை ஓடியது. 2025 ஜூலையில் அதே துளசி, அதே மிஹிரோடு மீண்டும் திரைக்கு வந்தது. கதை தர்க்கத்தை மீறுகிறது என்று பார்த்தவர்களே கேலி செய்தார்கள். கேலி செய்தபடியே மறுநாளும் பார்த்தார்கள். “அறுவை, தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்று ஒரே மூச்சில் சொல்வதில் ரசிகருக்கு எந்த முரண்பாடும் தெரிவதில்லை. சொந்தக்காரர்களைப் பற்றியும் அவர் இப்படித்தான் பேசுவார்.

இந்த மனிதர்தான் இப்போது கூண்டில் ஏற்றப்பட்டிருக்கிறார். 2023 அக்டோபரில், வெளியாகவிருந்த தன் மலையாளப் படத்தை இணைய விமர்சகர்கள் நசுக்கிவிடுவார்கள் என்று ஓர் இயக்குநர் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கொச்சியில் போலீஸ் வழக்கும் பதிவாயிற்று. நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 2024இல் அளித்த அறிக்கை, படம் வெளியான முதல் 48 மணி நேரத்துக்கு யூடியூப் விமர்சகர்கள் பொறுத்திருக்க வேண்டும் என்று யோசனை சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள், முதல் நாள் முதல் காட்சி முடிந்ததும் தியேட்டர் வளாகத்தில் ரசிகர்களிடம் மைக்கை நீட்டும் யூடியூப் சேனல்களை உள்ளே விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டார்கள். முதல் 3 நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்திலும் மனுப் போடப்பட்டது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தின் பாற்பட்டது என்று சொல்லி, இடைக்காலத் தடை விதிக்க டிசம்பரில் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

தயாரிப்பாளர்களின் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அன்று தியேட்டர் வாசலில் சொன்ன வார்த்தை பத்துப் பேரை எட்டப் பத்து நிமிடம் ஆகும். இன்று இடைவேளையிலேயே பத்து லட்சம் பேரை எட்டிவிடுகிறது. வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்தவர் இரண்டாம் பாதி ஓடும்போதே தெருவுக்கு வந்துவிடலாம். அதைவிட மோசம், வாய்வார்த்தை விலைக்குக் கிடைக்கிறது என்ற பேச்சு. காசு கொடுத்தால் ‘காவியம்’, கொடுக்காவிட்டால் ‘குப்பை’. டிக்கெட்டை மொத்தமாகத் தாங்களே வாங்கி, காலி நாற்காலிகளுக்குப் படம் காட்டி, ‘ஹவுஸ்ஃபுல்’ என்று கணக்குக் காட்டும் வித்தையும் இந்தித் திரையுலகில் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. இந்த இரண்டுமே ரசிகர்கள் கண்டுபிடித்தவை அல்ல. அபிப்பிராயத்தை வாங்க ஆள் இருப்பதால்தான் விற்க ஆள் இருக்கிறது.

48 மணி நேர மௌனம் பெரிய படத்தை முதல் வார இறுதி வரை காப்பாற்றக்கூடும். சின்னப் படத்தைக் கொன்றுவிடும். 2023 அக்டோபரில் வந்த ‘12த் ஃபெயில்’ இந்திப் படத்துக்கு முதல் நாள் கூட்டம் சொற்பம். சம்பல் பகுதியிலிருந்து வந்து ஐ.பி.எஸ். அதிகாரியான ஓர் ஏழைப் பையனின் கதை. பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மறுபடி போனார்கள். படம் வாரக்கணக்கில் ஓடியது. நாயகன் விக்ராந்த் மாஸி, ஷாருக் கானுடன் சேர்ந்து தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டார். கொடைக்கானல் குணா குகையில் விழுந்த நண்பனை மீட்ட கதையான ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’, தமிழில் டப் செய்யப்படாமல், மலையாளத்திலேயே 2024இல் தமிழ்நாட்டில் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. “பாஷை புரியாவிட்டாலும் பரவாயில்லை, போய்ப் பார்” என்று முதல் இரண்டு நாளில் சொன்னவர்கள்தான் அந்தக் கூட்டத்தைக் கூட்டினார்கள். அவர்களுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அவர்கள்தான் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்திருந்தார்கள்.

ரசிகர் நேர்மையான நீதிபதி என்று சொல்வதற்கில்லை. பிடித்த நடிகர் என்றால் கண்ணை மூடிக்கொள்வார். டிக்கெட் கிடைக்காத கோபத்தைப் படத்தின் மேல் காட்டுவார். பின்வரிசையில் உட்கார்ந்தால் ஒரு தீர்ப்பு, மின்விசிறி ஓடாவிட்டால் ஒரு தீர்ப்பு. ஆனால் அவர் தவறாகச் சொன்னாலும் தன் வாயால் சொல்கிறார். ஜும்ரி தலையாவின் அஞ்சலட்டை, பகவந்திக்காக விட்ட பெருமூச்சு, குப்பை அள்ள மறுத்த கை எல்லாமே அந்த வகையைச் சேர்ந்தவை. விலைக்கு வாங்கிய ஆயிரம் ‘காவிய’ங்களுக்கு நடுவே, அந்த ஒரு ‘பரவாயில்லை’யைக் கண்டுபிடிப்பதுதான் இப்போது சிரமம்.

இதனாலோ என்னவோ, கையில் இருக்கும் செல்போனில் நூறு விமர்சனங்கள் கொட்டிக் கிடந்தும், இரவுக் காட்சி வரிசையில் நிற்பவர் அதைச் சட்டைப் பையில் போட்டுவிடுகிறார். வெளியே வருபவரின் முகத்தைப் பார்க்கிறார். தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டிருக்கிறார் அந்த மனிதர். அவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது.

“படம் எப்படி சார்?”